க்லாஸ் என்றொரு நிறம்

பிளயன்கும் பண்ணை, பாலா
25 ஜூன் 1974

அன்புத் தங்கை மெரெரிட்,

நேற்று நம் பண்ணையில் ஆட்டு மயிர் கத்தரித்தோம். அக்கம்பக்கப் பண்ணைக்காரர் எல்லோரும் வந்து முடித்துக் கொடுத்தார்கள், நீதான் வரவில்லை. கத்தரித்த ஆடுகளைப் பார்த்துக் குட்டிகள் வழக்கம்போலத் தாயை அடையாளம் தெரியாமல் கத்தின.

உன் அண்ணி லௌரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். மருந்தில் தலைமுடி முழுக்கப் போய்விட்டது. எங்கள் குட்டி நியா அவளைக் கண்டதும் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டாள். "விடு டெக், நான்தான் க்லாஸ் ஆயிட்டேன்ல" என்று லௌரி சிரித்தாள். கத்தரித்தபின் குட்டிக்கே அடையாளம் தெரியாத தாயாட்டை அவள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்களாம்.

இது நீங்கள் தொகுக்கும் அகராதியில் இல்லையென்றால் அவள் பெயரோடு சேர்த்துவிடு. உனக்கு எழுதுகிறேன் என்றதும் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தாள். டாக்டர் சொன்னது உனக்குத் தெரியுமே.

அண்ணன்,
டெக்வின்

அகராதி அலுவலகம்
27 ஜூன்

அன்புள்ள அண்ணா,

படித்துவிட்டு அழுதேன். க்லாஸ் நம் மொழியின் மிகப் பழைய கெல்ட்டியச் சொல். வானம், கடல், புல், விடியல், சாம்பல் குதிரை எல்லாவற்றின் நிறத்துக்கும் நமக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பச்சைக்குத் தனிச்சொல்லை லத்தீனிடம்தான் வாங்கினோம். அண்ணி சொன்ன பொருள், சொற்களைக் குறித்து வைக்கும் எங்கள் சீட்டுகளில் இல்லை, புதிதுதான். ஆனால் எழுத்துச் சான்று இல்லாமல் எதையும் சேர்க்க மாட்டார்கள். அந்த எழுத்துக்கான பகுதியும் அச்சாகிவிட்டது. அடுத்த பதிப்புக்கு முப்பது வருடமாவது ஆகும். என்னை மன்னித்துவிடு.

மெரெரிட்

பிளயன்கும்
1 ஜூலை

மெரெரிட்,

நல்ல சேதிதான் இருக்கும் என்று நம்பி, உன் கடிதத்தை நான் முதலில் பார்க்காமல் லௌரியின் கட்டிலருகே உட்கார்ந்து உரக்கப் படித்தேன். முப்பது வருடம் என்ற இடத்தில் தாளை மடிக்கப் போனேன்.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றாள். முடித்ததும், "பாவம், மெரெரிட்டுக்குப் பொய்யே வராது" என்றாள். அதற்குப்பின் சூப்பைத் தொடவில்லை.

சேர்த்தாகிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் உனக்கு என்ன குறைந்துவிடும்? அவள் புத்தகத்தைப் புரட்டியா பார்க்கப் போகிறாள்?

டெக்வின்

அகராதி அலுவலகம்
3 ஜூலை

அண்ணா,

இத்துடன் ஒரு சீட்டு. அலுவலகத் தட்டச்சில் அடித்தேன். க்லாஸ், பொருள், கீழே லௌரி அண்ணியின் முழுப்பெயர். பதினோரு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய். உடனே படித்துக் காட்டு.

மெரெரிட்

பிளயன்கும்
6 ஜூலை

மெரெரிட்,

லௌரி வியாழக்கிழமை காலை போய்விட்டாள். அடக்கம் செவ்வாய்க்கிழமை. வா.

உன் சீட்டு வெள்ளிக்கிழமை வந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நியாவுக்குப் படித்துக் காட்டினேன். "அம்மா இதக் கேட்டாளா?" என்றாள்.

கேட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

டெக்வின்