லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

14 நவம்பர், வியாழன்

லேப்டாப்பை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் நானே புதிதாக ஏற்றினேன். வைஃபை மட்டும் வரவில்லை. நாளைக் காலை நான் வேலை பார்க்கும் ரப்பர் தோட்டத்து ஆபீசில், மேனேஜர்கள் முன்னால் இதை வைத்துத்தான் பேச வேண்டும்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? சிரம்பான் டவுன் கடையில குடு லா" என்றான் அண்ணன். கொடுக்க மாட்டேன் என்றேன்.

மாடல் எண்ணைப் பார்த்து, கைப்பேசியில் வைஃபை டிரைவர் மென்பொருளை இறக்கி, வயர் போட்டு ஏற்றினேன். இரண்டு முறை ஏற்றியும் ஒத்துவரவில்லை. லேப்டாப்பைத் திருப்பி நன்றாகப் பார்த்தேன். ஆயுத பூசைக்கு அம்மா வைத்த சந்தனம், மாடல் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாதி மறைத்துக் காய்ந்திருந்தது. எட்டை நான் மூன்று என்று படித்திருக்கிறேன். மூடியில் வைத்தால் ஆபீசில் சிரிப்பார்கள் என்று பொட்டை அடியில் வைக்கச் சொன்னதும் நான்தான்.

ஈரத்துணியால் துடைத்தேன்.

"சாமி பொட்டப் போயி துடைக்கிறியே" என்றார் அம்மா.

எட்டுக்கான டிரைவரைப் போட்டேன். வைஃபை வந்துவிட்டது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

காலையில் அம்மாவைத் திரும்பப் பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், மூடியின் நடுவில், பெரிதாக. நாளை நான் பேசும்போது மூடி மேனேஜர்கள் பக்கம்தான் இருக்கும்.