சாப்பாட்டோடு உங்களை அனுப்பியவள்

என் காதர் அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் கை வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? இரும்புலியூரில் உங்கள் ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நான் எதிர்ப்பக்கமாக நடந்து போய்விடுகிறேன்.

முதல் ஊரடங்கிலேயே பாதி படுத்துவிட்ட கடை அது. இரண்டாவது ஊரடங்கு வந்ததும் மாஸ்டரும் சப்ளையர்களும் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டியாக நீங்களும் மும்தாஜ் அக்காவும்தான் மிச்சம். பாத்திரங்களை விற்றுவிடலாம் என்று ஆளை வரச்சொல்லியிருந்தீர்கள். அன்று காலையில்தான் நான் வந்தேன். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து செலவைப் பார்த்துக்கொள்கிறோம், குப்பை அள்ளுகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கும் நீங்கள் மத்தியானச் சாப்பாடு செய்து கொடுங்கள், கடையும் பிழைக்கும் என்றேன்.

நீங்கள் யோசிக்கவே இல்லை. "என்ன போடலாம் டீச்சர்?" என்றீர்கள்.

"லெமன் ரைஸ் போதும்ண்ணா. ஈஸியா இருக்கும்."

"வெயில்ல வேல பாக்கறவங்களுக்கு அது எப்டிம்மா பத்தும்? சோறு, சாம்பார், ஒரு பொரியல், ஒரு முட்டை. அதுக்குக் கொறஞ்சு என் கடையிலேர்ந்து பார்சல் போகாது."

பாத்திரம் வாங்க வந்த ஆள் வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். அன்றைக்கு உங்கள் முகத்தில் வந்த சிரிப்பை வைத்துத்தான் நான் நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நம்பினேன்.

எங்கள் தெருவைப் பெருக்கும் கஸ்தூரி, பார்சலை வாங்கிக்கொண்டு குப்பைத் தொட்டி ஓரமாகவே உட்கார்ந்து சாப்பிட்டதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கடைக்குள் யாரையும் உட்காரவைக்கக்கூடாது என்று சட்டம் இருந்த நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே வரச்சொன்னீர்கள். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நாங்கோ உள்ள குந்தி துன்னா, நாளைக்கு உன் கடைக்கு எவன் வருவான் பாய்?"

"நாளைக்குக் கட இருந்தாப் பாத்துக்கலாம். நீ வாம்மா, சோறு ஆறுது."

பிறகு தினமும் அவள் உள்ளேதான் சாப்பிட்டாள். இதை யாராவது எழுதிவைத்தார்களா அண்ணா?

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துப்போன ஆட்டோக்காரருக்குக் காய்ச்சல் வந்ததும், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று உங்களுக்குப் போன் செய்தது நான்தான். இத்தனை வருஷமாக இதை வெளியே சொன்னதில்லை. நீங்கள் தயங்கினீர்கள். "வீட்ல அவளுக்கு சுகர் இருக்கும்மா," என்றீர்கள். "இன்னைக்கு ஒரு நாள்தான்ணா. வாசல்ல வெச்சிட்டு வந்துடுங்க," என்றேன் நான்.

அந்த ஒரு நாள் ஒன்பது நாளானது. நான் வேறு ஆளைத் தேடவில்லை. என் ஸ்கூட்டி வீட்டு வாசலில்தான் நின்றது. நானே போயிருக்கலாம். பயமாக இருந்தது.

பத்தாம் நாள் உங்களுக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்துவிட்டது. எத்தனை பேருக்குப் போன் செய்தேன், எங்கும் படுக்கை இல்லை. கடைசியில் நீங்கள் சாப்பாடு கொண்டுபோன அதே ஆஸ்பத்திரி வாசலில், வரிசையில் நின்ற ஆம்புலன்சுக்குள் படுத்திருந்தீர்கள். ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "இவரு சாப்பாட்டு பாய்தானே?" என்று கேட்டாராம். உள்ளே ஓடினாராம். அவர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது என்று மும்தாஜ் அக்கா போனில் சொன்னார்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்றே சாப்பாடு நின்றுபோயிருந்தது. நீங்கள் போன மறுநாள், மூடிக்கிடந்த ஷட்டருக்கு முன்னால் கஸ்தூரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்களப் பணியாளர்களின் பசியாற்றிய ஆசிரியை என்று மைக்கில் சொன்னார்கள். உங்கள் பேரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

மும்தாஜ் அக்கா இப்போது ஊரப்பாக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கும் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக அங்கே போனேன். போன் செய்தது நான்தான், பயந்துகொண்டு வீட்டில் இருந்ததும் நான்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும் டீச்சர். அவரு போன் பேசும்போது நான் பக்கத்துலதான இருந்தேன்."

"அப்புறம் ஏன்க்கா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க அழுவீங்க. அப்புறம் உங்கள நான் தேத்தணும். அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல."

ஆனாலும் நான் அழுதேன். அக்கா எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. நான் போகாமலே இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ? பாத்திரக்காரர் வந்த அன்றைக்கே உங்கள் அடுப்பை அணையவிட்டிருந்தால், கடை போயிருக்கும், நீங்கள் இருந்திருப்பீர்கள். இதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து உங்கள் பேரைச் சொல்வேன். உங்களை அனுப்பியது யார் என்றும் சொல்வேன். ஊரப்பாக்கத்துக்கும் போவேன், அக்கா எனக்குக் கதவைத் திறக்கிற காலம் வரைக்கும். அங்கே இனிமேல் அழமாட்டேன் அண்ணா. அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
ஸ்டெல்லா