கப்பல் தந்த தங்க அட்டை

அக்கா,

இன்று பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் துணி எடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தேன். பில் போடும் இடத்தில் இருந்த பெண் பொன்னிறத்தில் ஓர் அட்டையை நீட்டினாள். இனிமேல் நான் அந்தக் கடையின் தங்க உறுப்பினராம். ஓணக் கூட்டத்திலும் எனக்குத் தனி வரிசையாம். அட்டை கையில் பட்டதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? நீங்கள் எங்களை விட்டுப் போகும்போது அவள் கணவனுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டு, ஆட்டோவில் பொழியூர் வீட்டுக்குத் திரும்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நீங்கள் சிங்கப்பூரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தீர்கள். அங்கே சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பணக்காரச் சீனக் கிழவியைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் நீங்கள். கிழவிக்குக் கப்பல் பயணம் என்றால் உயிர். மாதம் ஒருமுறையாவது இரண்டு மூன்று நாள் கடலில் சுற்றி வரவேண்டும். நர்ஸ் இல்லாமல் அவளால் போகமுடியாது. அதனால் உங்களுக்கும் டிக்கெட் எடுப்பாள். கப்பல் கம்பெனி அந்தப் பயணங்களையெல்லாம் உங்கள் பெயரிலும் எழுதி வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் உங்களுக்கு ஒரு தங்க அட்டை கொடுத்தது. கிழவி இறந்ததும் நீங்கள் ஒரு பெட்டியோடும் அந்த அட்டையோடும் ஊருக்கு வந்தீர்கள்.

வீடு நீங்கள் சம்பாதித்துக் கட்டியது. ஆனால் நீங்கள் வந்தபோது முன்னறையில் உங்கள் தம்பியின், அதாவது என் வீட்டுக்காரரின், வலைகள் கிடந்தன. உங்களுக்கு அடுக்களைக்குப் பின்னால் இருந்த அறை கிடைத்தது. பெட்டியை அங்கேயே இறக்கி வைத்தீர்கள். வந்த மறுநாளே வாசலில் ஆள் நின்றது. ஒருவனுக்குக் கையில் தூண்டில் முள் ஏறியிருந்தது, ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு கிழவருக்கு ஊசி போடவேண்டும். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோவீர்கள். வந்தவர்கள் எவரும் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே மருமகளாக வந்தவள் நான். கப்பல் என்றால் தூரத்தில் நகரும் விளக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்த அட்டையால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். ஏறும்போது வரிசையில் நிற்கவேண்டாம், தனி வழி உண்டு. அறைக்குள் போனால் பழத்தட்டும் பூவும் இருக்கும். விரும்பிய மேசையில் உட்காரலாம். இறங்கும்போதும் முதல் ஆளாக இறங்கலாம். இவ்வளவுதானா என்று நான் கேட்டபோது கத்தியைக் கீழே வைத்தீர்கள்.

"இங்கயும் எனக்க பேரைச் சொல்லித்தான் விளிக்கியாவ மக்கா. ஆனா அது வேலைக்காக்கும். அங்க எனக்க பேரைச் சொல்லி, என்ன வேணும்னு கேப்பாவ."

அந்த அட்டைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. குறித்த தேதிக்குள் இன்னொரு பயணம் போகாவிட்டால் அது செல்லாது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் போவதென்று முடிவு செய்தீர்கள், என்னையும் கூட்டிக்கொண்டு. எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தீர்கள். உங்கள் தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விடிந்தால் வாசலில் கடல் கிடக்கிறது, மீன் பிடிக்காத கப்பலில் ஏறி இதே தண்ணீரைப் பார்க்கச் சிங்கப்பூர் வரை போகவேண்டுமா என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்:

"பழத்தட்டு காட்டி திரும்பத் திரும்ப விளிக்கியான். அது தூண்டிலாக்கும் அக்கா. நீ இரையைப் பாத்துப் போற."

 அன்று இரவே நீங்கள் பெட்டியைத் துடைத்து வைத்தீர்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், நனைந்த கம்பளியை நாம் இருவரும் இரண்டு முனையில் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தோம். உங்கள் முனை நழுவிச் சேற்றில் விழுந்தது. குனிந்து எடுக்கப்போன நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு இடது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தீர்கள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றீர்கள். நான் விடவில்லை. கொல்லையில் குளிக்கிற புரைக்குள் கூட்டிக்கொண்டுபோய், என் கையைப் பிடித்து உங்கள் மார்பில் வைத்தீர்கள். உள்ளே கல்போல ஒன்று இருந்தது. அழுத்தினாலும் நகரவில்லை.

"இது என்னண்ணு எனக்குத் தெரியும். கொஞ்ச மாசமாச்சு" என்றீர்கள். "ஆசுபத்திரிக்குப் போனா அறுப்பாவ. பின்ன கரண்டு வைப்பாவ. அது முடியியதுக்கு முன்ன அட்டை போயிரும். கப்பல் போயிட்டு வந்து காட்டலாம். நீ ஆருக்கிட்டயும் சொல்லப்பிடாது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நடமாடினேன். மாலை ஜெபமாலை சொல்லும்போது என் கண் உங்கள் இடது தோளிலேயே நிற்கும். நீங்கள் பிள்ளையை வலது இடுப்பில் மட்டும் தூக்குவது எனக்குத் தெரிந்தது, வேறு எவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, மருந்தை ஒருநாளும் விடக்கூடாது என்று நீங்கள் கண்டித்தபோது எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. எனக்கும் அந்தக் கப்பலில் ஏற ஆசை இருந்தது அக்கா. புதிதாக வாங்கிய செருப்பை எடுத்துப் பார்ப்பேன், உடனே உள்ளே தள்ளிவிடுவேன்.

ஒரு நாள் நீங்கள் சாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் எதிரில் வந்து நின்றேன்.

"நான் கப்பலுக்கு வரல்ல. நாளைக்கு நீங்க ஆசுபத்திரிக்கு வரல்லேங்கி, நான் இண்ணைக்கே அவருக்கிட்ட சொல்லுவேன்."

நீங்கள் தலை நிமிரவில்லை. "சொல்லு. பின்ன நீ எனக்க முகத்தைப் பாக்காண்டாம்."

உங்கள் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் கடற்கரைக்கு நடந்தேன். உங்கள் தம்பி வள்ளத்தின் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் ஊசியை மணலில் வைத்தார்.  வீட்டுக்கு வந்து அடுக்களை வாசலில் நின்று, "அக்கா, சேலை மாத்து. பாறசாலை பஸ்ஸு வரப்போவுது" என்று மட்டும் சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. பேருந்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். திருவனந்தபுரம் வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

நர்ஸாக இருந்துகொண்டு ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். சிறிது தள்ளிப்போட முடியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு உங்கள் தம்பியைப் பார்த்தார். அடுத்த வாரமே வந்து படுக்கவேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் பாறசாலையில் இறங்கியதும், வெளிநாட்டுக்குப் போன் பேசும் பூத்துக்குள் நுழைந்தீர்கள். நானும் கூடவே இடித்துக்கொண்டு நுழைந்தேன். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நீங்கள் ஆங்கிலம் பேசுவதை முதன்முதலாகக் கேட்டேன். வீட்டில் கேட்ட குரல் அல்ல அது. ஒரு வார்டையே நடத்தும் குரல். அட்டையின் எண்ணைச் சொன்னீர்கள். நோயைச் சொன்னீர்கள். பிறகு வெகுநேரம் காத்திருந்தீர்கள். போனுக்குள் ஏதோ இசை ஓடுவது எனக்கே கேட்டது.  ஒருவன் மறுபடி வந்து பேசினான். நன்றி சொல்லி வைத்தீர்கள்.

வெளியே நின்ற தம்பி என்னவென்று கேட்டார்.

"எனக்க பேரு தெரியுது, பொறந்த நாள் தெரியுது, எனக்கு எந்தத் தலையணை பிடிக்கும்னுகூட தெரியுது. சீக்குன்னு சொன்னேன். ரொம்ப வருத்தமாம். தேதியை நீட்ட வழியில்லியாம். சொகமானப்பொறம் வந்தா முதல் படியிலேருந்து தொடங்கலாமாம்."

உங்கள் தம்பி முகம் சிவந்துவிட்டது. அந்தக் கம்பெனி நம்பரைத் தா, நான் பேசுகிறேன் என்று கையை நீட்டினார். எந்த மொழியில் பேசுவாய் என்று நீங்கள் கேட்டீர்கள். மலையாளத்தில் பேசுவேன், வேண்டுமென்றால் தமிழில் பேசுவேன், அவன் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றார். இத்தனை நாளும் அந்த அட்டையைக் கேலி செய்தவர், இப்போது அதற்காகச் சண்டைக்கு நின்றார். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்து, "வா மக்கா, பஸ்ஸு போயிரும்" என்றீர்கள். எனக்கு அழுகை வந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. பிறகு முடி கொட்டவைக்கும் மருந்து ஏற்றும் நாட்கள், கதிர்வீச்சுக் கரண்டு வைக்கும் நாட்கள். ஆஸ்பத்திரியில் விடியும்முன்பே வரிசை நீளும். உங்கள் தம்பி கடலுக்குப் போகாமல் முதல் பேருந்தில் போய் உங்களுக்காக இடம் பிடித்து நிற்பார். நாம் பிறகு போய்ச் சேருவோம். அவர் மெலிந்துபோனார். முன்னறையிலிருந்த வலைகளை யாரும் சொல்லாமலே வெளியே கொண்டுபோய்ப் போட்டு, உங்கள் கட்டிலை அங்கே கொண்டுவந்தார். அந்த நாட்களில்தான் அட்டையின் தேதி கழிந்தது. நான் பயந்துகொண்டே இருந்தேன். நீங்கள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள்.

"எலே, கப்பல்காரனைவிட நீ எனக்கு நல்லா செய்யிய. அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அந்தக் கப்பலும் வேணும்."

அவர் தலையாட்டினார்.

அடுத்த வருடம், முடி மறுபடி காது வரை வளர்ந்தபின், நாம் இருவரும் போனோம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பொது வரிசை பாம்புபோல வளைந்து கிடந்தது. உங்களால் வெகுநேரம் நிற்க முடியவில்லை, பெட்டியின்மேல் உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் கம்பளம் விரித்த தனி வழியில் தங்க அட்டைக்காரர்கள் நடந்துபோனார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே உடைந்துவிடுவீர்களோ என்று ஒட்டியே நின்றேன். நமக்குக் கிடைத்தது கப்பலின் அடித்தட்டில் சன்னலே இல்லாத ஓர் அறை. பழம் இல்லை, பூ இல்லை. அறைப் பையன் உங்கள் பெயரைத் தப்பாகப் படித்தான்.

மாலையில் கப்பலைச் சுற்றிக் காட்டினீர்கள். ஒரு கண்ணாடிக் கதவின் முன்னால் நின்றவன், அது தங்க அட்டைக்காரர்களுக்கு மட்டும் என்று பணிவாகச் சொன்னான். நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் நகராமல், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிப்பேன். அம்மச்சி காப்பி குடிச்சு முடியியவரைக்கும்."

உட்காரமாட்டீர்களா என்று கேட்டேன். சக்கர நாற்காலியின் பிடியை விட்டால் சீனக் கிழவி பயப்படுவாள் என்றீர்கள்.

மறுநாள் நான் எழுந்து குளித்து, தனியாகப் போய்ச் சாப்பிட்டு வந்தேன். நீங்கள் எழவில்லை. மேலே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்போதும் எழவில்லை. உச்சி வேளை ஆகிவிட்டது. விளக்கை அணைத்தால் கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருட்டாக இருக்கும் அறை அது. வீட்டில் சேவல் கூவுமுன் எழுகிற ஆள் நீங்கள். கதவைத் திறந்து, வராந்தா வெளிச்சத்தில் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி அசையாமல் கிடந்தீர்கள்.  இங்கே எவரிடம் போய் என்ன மொழியில் சொல்வேன், ஊரில் உங்கள் தம்பியிடம் என்ன சொல்வேன்? மண்டியிட்டு, உங்கள் மூக்கின் அருகே விரலைக் கொண்டுபோனேன்.

மூச்சு வந்தது. வெதுவெதுப்பாக, நிதானமாக வந்தது.

நீங்கள் கண்ணைத் திறக்காமலே பேசினீர்கள். "எழுப்பாத மக்கா. இண்ணைக்கு எனக்கு டூட்டி இல்ல."

மாலையில் மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது மீதியைச் சொன்னீர்கள். அந்தக் கப்பலில் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட விடியும்வரை தூங்கியதில்லையாம். இரவில் கிழவி பலமுறை எழுவாளாம். அப்படியென்றால் அந்த அட்டையால் என்ன பயன் என்று நான் சற்றுக் கோபமாகவே கேட்டேன். நீங்கள் என்னைத் திருத்தினீர்கள்.

"அப்படிச் சொல்லாத. பழம் நல்ல பழமாக்கும். அப்பம் இருந்த பையன் பேரு சொல்லி விளிச்சது பொய்யில்ல. எனக்கு அது வேண்டியிருந்துது. ஆனா இந்தத் தூக்கம் அதுல கிடைக்கல்ல."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீங்கள் மறுநாளும் உச்சிவரை தூங்கினீர்கள்.

நோய் எலும்புக்குத் திரும்பி வந்தபோது நமக்கு இரண்டு மழைக்காலம்தான் கிடைத்திருந்தது. கடைசிக் காலையில் கடல் பெரிய சத்தம் போட்டது. தம்பி உங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தார். நான் உங்கள் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் எடுக்காமலே வைத்திருந்தேன். அவர்தான் மெதுவாக என் கையை எடுத்துக் கீழே வைத்தார்.

ஆனாலும் அக்கா, உங்களை நினைத்தால் அந்தக் காலை எனக்கு வருவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத இருட்டறையில், யாருக்கும் வேலை செய்யாமல் நீங்கள் விட்ட மூச்சின் சூடு மட்டும் இந்த விரலில் இன்னும் இருக்கிறது.