கை தட்டினாய், சிக்னே

ஹோவ்டன்
23 நவம்பர் 1986

அன்புள்ள சிக்னே,

நலமா? விடுதியில் குளிர் அதிகமா? இங்கே முந்தாநாள் விழுந்த பனி முழங்கால் வரை நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் ஓடத் தொடங்கும்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பனிச்சறுக்குப் பலகைகள் வாடகைக்கு விடும் கடையில். ஈர பூட்ஸைக் காய வைக்க வேண்டும், பலகைக்கு மெழுகு தேய்க்க வேண்டும். பேச வேண்டிய வேலை அதிகம் இல்லை. ஆறே வாரத்தில் பட்டணத்துப் பள்ளியை விட்டு வந்துவிட்டேன் என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம். நம் பள்ளத்தாக்குப் பேச்சில் நான் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. அதையும் அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு வேடிக்கை கேள். நாலடிப் பாட்டு நினைவிருக்கிறதா? ஒருவர் நாலு வரியில் சீண்ட, இன்னொருவர் நாலு வரியில் எசப்பாட்டுப் பாடித் திருப்பிக் கொடுப்பாரே, அதுதான். இங்கே பள்ளியில் பாடச் சொன்னபோது நீயும் நானும் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்போம். லிஃப்ட் ஓட்டும் தல்லாக் நாள் முழுக்க அதைத்தான் பாடுகிறான். நேற்று கடைக்குள் வந்து, “என்ன யூருன், வாயையும் வாடகைக்கு விட்டுட்டியா?” என்றான். உடனே பாட்டு:

வாயத் தொறந்தா பனி கொட்டுமோ
வாடகைக் கடை யூருனுக்கு?
பூட்சுக்கெல்லாம் காது இருந்தா
பொழுதன்னைக்கும் பேசுவா போல!

காபிக் கடையில் பாத்திரம் கழுவும் பிர்கித் அங்கிருந்தே கத்தினாள்: “பதில் குடுடீ! இல்லேன்னா ஏப்ரல் வரைக்கும் உன்னை விடமாட்டான்!” நான் பூட்ஸ் அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் அந்த மெட்டு இன்னும் தலைக்குள் சுற்றுகிறது.

பிப்ரவரி விடுமுறை வாரத்துக்கு வந்துவிடுவாய் அல்லவா? இரண்டு குடும்பமும் மலைமேல் ஒரே மரவீட்டில், நாம் இருவரும் மேல் கட்டிலில். எட்டு வருடமாக ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. உன் அப்பா இப்போதே விறகு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நானும் வாரம் முழுக்க விடுப்புச் சொல்லிவிட்டேன். இங்கே நம் வயதில் யாரும் இல்லை, சிக்னே. எல்லோரும் படிக்கப் போய்விட்டார்கள்.

உன்
யூருன்

கிறிஸ்தியான்சாண்ட்
9 டிசம்பர் 1986

ஏய் யூருன்,

தாமதத்துக்குத் திட்டாதே. தேர்வு, தேர்வு, தேர்வு.

வராமல் இருப்பேனா? வருகிறேன். என் அறைத் தோழி வென்கெயையும் அழைத்து வருகிறேன். அவள் மலையே பார்க்காதவள். மேல் கட்டிலில் மூன்று பேர் கொள்ளாது. நீ கீழே அடுப்புப் பக்கம் படுத்துக்கொள்வாய் அல்லவா? உனக்குத்தான் குளிர் தாங்காதே.

வென்கெயிடம் நாலடிப் பாட்டைப் பற்றிச் சொன்னேன். “இன்னுமா அதையெல்லாம் பாடுறாங்க? அய்யோ, நான் கேட்டே ஆகணும்!” என்று குதிக்கிறாள். எனக்கே ஒன்றும் நினைவில் இல்லை. நம் பேச்சுகூட இப்போது சட்டென்று வாயில் வருவதில்லை. போன வாரம் அம்மாவோடு தொலைபேசியில் பேசினேன். “யாரு பேசறது?” என்கிறாள்!

வென்கெ முன்னால் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்காதே, ப்ளீஸ்.

அவசரத்தில்,
சிக்னே

ஹோவ்டன்
18 ஜனவரி 1987

அன்புள்ள சிக்னே,

அடுப்புப் பக்கம் எனக்குச் சம்மதம். அம்மா கம்பளிப் போர்வை ஒன்று கூடுதலாக எடுத்து வைத்துவிட்டாள்.

இந்தச் செய்தியை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். நான் பதில் பாடிவிட்டேன்! ஒரு மாதமாகப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே வரிகளைக் கட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை தல்லாக் வழக்கம்போல் ஆரம்பித்தான். நான் தலை நிமிரவில்லை, பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பாடினேன்:

மேலே ஏத்தி விடுற வேலை
மீசைக்காரன் தல்லாக்குக்கு;
ஏறினவங்க உருண்டு வந்தா
எண்ணி எண்ணிச் சிரிக்கவா சம்பளம்?

அவன் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டான். பிர்கித் ஈரக் கையோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “ஊமைக்கு வாய் வந்திருச்சு, இனி யாரும் தப்ப முடியாது!” என்றாள். பேசும்போது நடுங்குகிற குரல் பாடும்போது நடுங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்காகவும் ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். என்ன என்று சொல்ல மாட்டேன். பதிலோடு தயாராக வா.

உன்
யூருன்

கிறிஸ்தியான்சாண்ட்
1 மார்ச் 1987

ஏய் யூருன்,

என்ன அருமையான வாரம்! பனிவெயிலில் வெந்த வென்கெயின் மூக்குத் தோல் இன்னும் உரிகிறது. உன் அம்மாவின் வாஃபிள் அப்பத்தைப் பற்றி விடுதி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஒன்றுதான் புரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவ்வளவு அழகாகப் பாடினாயே, பிறகு ஏன் எழுந்து போனாய்? இருட்டில், கொட்டகையில், ஒரு மணி நேரம் மெழுகு தேய்க்க என்ன அவசரம்? வென்கெ தான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்துவிட்டாள். மறுநாளும் நீ சரியாகப் பேசவில்லை.

அவள் உன் பாட்டை ஒலிநாடாவில் பிடிக்க வேண்டும் என்கிறாள். பள்ளி விழாவில் போடலாமாம். யார் யாரோ சிரித்த அதே பள்ளியில், யோசித்துப் பார்! வரிகளை எழுதி அனுப்புகிறாயா?

சிக்னே

ஹோவ்டன்
8 மார்ச் 1987

அன்புள்ள சிக்னே,

வரிகளைக் கேட்டாய். இதோ:

பட்டணத்துத் தண்ணி குடிச்சு
பேச்சுக்கூட வெளுத்துப் போச்சு;
எட்டு வருசம் கூடச் சறுக்கினவ
எந்தக் கடையில கிடைப்பா இப்போ?

இரண்டு அப்பாக்களும், இரண்டு அம்மாக்களும், வென்கெயும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் பாடியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. முடித்துவிட்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா “அடி சிக்னே, மாட்டினியா!” என்று முழங்கையால் உன்னை இடித்தார்.

வென்கெ கை தட்டினாள். அவளுக்குத் தெரியாது, பாவம். உடனே நீயும் கை தட்டினாய், சிக்னே.

நம் ஊரில் நாலடிப் பாட்டுக்கு யாராவது கை தட்டிப் பார்த்திருக்கிறாயா? மேடையில் பாடுகிறவளுக்குத்தான் கை தட்டுவார்கள். நான் மேடையில் இல்லை, உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நீ திட்டியிருக்கலாம். உளறியிருக்கலாம். “போடீ பூட்ஸுக்காரி” என்று மெட்டே இல்லாமல் கத்தியிருந்தாலும் போதும், நான் சிரித்திருப்பேன். உன் அப்பா சட்டென்று எழுந்து அடுப்பில் விறகு வைத்தார், கவனித்தாயா? விறகு தேவைப்படவே இல்லை.

பள்ளி விழாவுக்கு வேண்டாம்.

கோபமாக எழுதவில்லை. இப்போதும் நேரம் தாண்டிவிடவில்லை. நாலு வரி எழுதி அனுப்பு. மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. தினமும் தபால்பெட்டியைப் பார்ப்பேன்.

உன்
யூருன்

ஹோவ்டன்
26 ஏப்ரல் 1987

அன்புள்ள சிக்னே,

ஈஸ்டர் வாழ்த்து அட்டை வந்தது. கோழிக்குஞ்சுப் படம் அழகாக இருக்கிறது. பின்பக்கம் நீயும் வென்கெயும் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று உறையையும் கிழித்துப் பார்த்தேன்.

லிஃப்ட் நேற்றோடு நின்றுவிட்டது. மதியம் காபிக் கடையில் வேலைக்காரர்கள் எல்லோரும் மிச்சமிருந்த தொத்திறைச்சியைச் சாப்பிட்டோம். பிர்கித் என்னைச் சீண்டினாள், நான் திருப்பிக் கொடுத்தேன், தல்லாக் நடுவில் புகுந்தான். பதினொரு சுற்று போயிற்று. கடைசியில் பிர்கித்துக்குச் சொல் கிடைக்கவில்லை. “ஏய், மூச்சு விட விடுடீ, ராட்சசி!” என்று பாத்திரம் துடைக்கும் துணியை என் மேல் எறிந்தாள். யாரும் கை தட்டவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிர்கித்துக்கு இரண்டு குழந்தைகள், தல்லாக் கோடையில் கடலுக்கு வேலைக்குப் போகிறான். வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். பதிலுக்காக இல்லை. தபால்பெட்டியை இப்போது அப்பாதான் திறக்கிறார்.

அடுத்த வருட விடுமுறை வாரத்தைப் பற்றி இரண்டு அப்பாக்களும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த வாரம் வேலை செய்வதாகக் கடையில் பெயர் கொடுத்துவிட்டேன். மேல் கட்டிலும் அடுப்புப் பக்கமும் உங்களுக்கே.

பலகை வேண்டுமென்றால் கடைக்கு வா. உன் கால் அளவு எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லோரையும் போல நீயும் அளவைச் சொல்ல வேண்டியிருக்கும்.

யூருன்