மான் பார்க்கப் போகுமுன்

அன்புள்ள அத்தானுக்கு,

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் பாலைவனத்து மான் சரணாலயத்துக்குப் புறப்பட வேண்டும் என்றீர்கள். தண்ணீர், ரினிக்குப் பால்பொடி, தொப்பி, புளிச்சோறு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ரினி தலையில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டிக்கொண்டே இருந்தாள். இப்போதுதான் தூங்கினாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

போன மாதம் அல் ஐன் நகரத்துக்கும் இப்படித்தான் டியூட்டி முடிந்த கையோடு போனோம். வண்டி எடுக்குமுன் வழக்கம்போல் கண்ணை மூடி ஜெபம் செய்தோம். நான் ஆமென் சொன்னேன். நீங்கள் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து எங்களுக்காக இன்னும் உருக்கமாக ஜெபிக்கிறீர்கள் என்று நினைத்தேன். எனக்குக் கண்கூடக் கலங்கியது. அப்புறம்தான் குறட்டை கேட்டது.

தட்டி எழுப்பினேன். “ஒறங்கல்லடி, ஜெபிச்சிட்டுல்லா இருந்தேன்” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு வழி முழுக்க உங்கள் கண் இமையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாளைக்கு அதைவிடத் தூரம். பாதி வழிக்கு மேல் கடையும் இல்லை, போனில் சிக்னலும் இருக்காதாம். நேரில் சொன்னால் “பயந்தாங்கொள்ளி” என்பீர்கள். நானும் வாயை மூடிக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கார் சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன். தேட வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். நீங்களாக விழித்ததும் தருகிறேன். மான்கள் வெயில் தாழ்ந்த பிறகுதான் வெளியே வருமாம்.

இந்த முறை ஜெபத்தில் நான் கண்ணை மூட மாட்டேன். கர்த்தர் மன்னிப்பார்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி