மலைத் தண்ணீர் இரண்டு கேன்

இன்று காலை எஸ்டேட்டில் காப்பிச் செடிகளுக்கு அடிக்க ஜிங்க் சத்து மருந்து கரைத்தார்கள். உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்த ஆள் ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி, பொடியைக் கொட்டி, கம்பால் கலக்கினார். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் ஒருவர்தான் அப்படிப் பார்ப்பீர்கள். குப்பனூரில் உங்கள் ஆழ்துளைப் போரின் உப்புத் தண்ணீரைக் குடித்துப் பழகிய நாக்கு, எந்தத் தண்ணீரையும் நம்பாது.

அந்த அடிவார நிலத்தில் வெயில் ஏறினால் மண் வெள்ளையாகப் பூக்கும். உப்பைத் தாங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பருத்தி போட்டீர்கள். தாங்கியது. வளரத்தான் இல்லை. இலை சிறுத்து மஞ்சள் பாய்ந்த ஒரு கிளையை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தீர்கள்.

"ரைட்டரே, நம்ம காப்பிக்கு வர்ற அதே சீக்குங்க. மண்ணுல ஜிங்க் போட்டும் கேக்கலீங்க."

"உப்பு மண்ணு செடிக்கு விடாதுங்ணா, தானே புடிச்சு வெச்சுக்கும். இலை மேல அடிங்க."

எஸ்டேட் ரைட்டருக்கு ஆள் வருகையைப் பதிவதுதான் வேலை. மருந்து மூட்டைகளில் அச்சடித்திருப்பதையும் படிப்பவன் என்பதால் இங்கே நான் விஞ்ஞானி. நீங்கள் போர்த் தண்ணீரில் கரைத்து அடித்தீர்கள். இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. மறுபடி வந்து நின்றபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பருத்திக்கு மலைத் தண்ணிதான் ஒத்துக்கும் போல. ரெண்டு கேன் கொண்டுட்டுப் போங்க" என்றேன். சிரிப்பதற்காகச் சொன்னது. நீங்கள் சிரிக்கவில்லை.

"கேன் இருக்குதுங்களா?" என்றீர்கள்.

அதன்பிறகு வேலை முடிந்ததும் மொபெட்டின் இரு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு இறங்குவீர்கள். "ஏனுங்க, பருத்திக்குக் காப்பியும் போட்டுக் குடுக்கறீங்களா?" என்று மற்ற ஆட்கள் கேலி செய்வார்கள். "குடிச்சாக் குடுப்பனுங்க" என்பீர்கள். ஒரு நடைக்கு எட்டு வரிசை. சில நாளில் புதுத் துளிர் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. அதில் ஓர் இலையை என் வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டுப் போனீர்கள்.

ஒரு சாயங்காலம் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு கேன் உடைந்திருந்தது. இன்னொன்று மூடிகூடக் கழலாமல் உங்கள் பக்கத்தில் கிடந்தது.

"கீழ போர் இருக்கறப்ப மேல இருந்து தண்ணி சொமந்தாராமா. நொம்ப நாளாவே புத்தி சரியில்லீங்க" என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஒரே ஒரு வாக்கியத்தில் மறுத்திருக்கலாம். நான் குடையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஊரில் நீங்கள் பைத்தியம். நான் இன்னமும் விஞ்ஞானி.

காய் வெடித்த சமயத்தில் உங்கள் மனைவியைப் பார்க்கப் போனேன். பருத்திக் காட்டுக்குக் கூட்டிப் போனார். மலைத் தண்ணீர் பட்ட வரிசைகளில் செடி இடுப்பளவு நின்றது, பஞ்சு வெடித்திருந்தது. படாத வரிசைகளில் பிஞ்செல்லாம் உதிர்ந்து, முழங்காலுக்கும் கீழே குச்சிகள் நின்றன.

"இதுவரைக்குந்தானுங்க அடிச்சாரு" என்று கடைசி வரிசையைத் தொட்டார்.

"அண்ணி, அந்தத் தண்ணி..."

"தெரியுமுங்க. ரைட்டர் சொன்னாருன்னுதானுங்க மொத நடையே கொண்டாந்தாரு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திரும்பி வந்ததும் வீட்டுக்குள் போய் உடையாத அந்தக் கேனை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "அடுத்த வெள்ளாமைக்கும் வேணுமுங்க. வண்டில வேண்டாம். பஸ்ஸுல கொண்டாங்க."

இப்போது அவர் மறுபடி பருத்தி விதைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் கேனோடு பஸ் ஏறுகிறேன்.

"ஏனுங்க, கீழ தண்ணிக்கா பஞ்சம்? எந்த மகராசனுங்க இந்த யோசனை சொன்னது?" என்கிறார் கண்டக்டர்.

"நாந்தானுங்க" என்கிறேன். பஸ் முழுக்கச் சிரிக்கிறது. உங்கள் சாவு வீட்டிலேயே என் மேல் விழுந்திருக்க வேண்டிய சிரிப்பு அது. அந்த வளைவு வரும்போது கேனை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொள்கிறேன்.