தலை குனிந்த மோதல்

செப்டெம்பர் 7, 2025, ஞாயிறு

ஊர்காவற்றுறையில் கோழி கூவுகிற நேரம் ஒகையோவில் சனிக்கிழமை இரவு ஆட்டம். அமெரிக்காவில் இருக்கிற மேனுகா அக்கா இணைப்பை அனுப்பியிருந்தாள். அவளுடைய மகன் அனோஜன் அங்கே பல்கலைக்கழக அணியில் அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடுகிறான். இங்கிருந்து போகும்போது இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. இப்போது தோள் கதவளவு. பேர்தான் உதைபந்து, காலால் தொடுவதே அரிது. பந்தைக் கையில் கொண்டு ஓடுகிறவனை விழுத்துவது அனோஜனின் வேலை.

தீவகத்து உதைபந்தாட்டத்துக்கு நான் நடுவர். மோதல் எவ்வளவோ பார்த்தவள். ஆனால் இரண்டு பேர் முழு வேகத்தில் இடித்த அந்தச் சத்தம் கைபேசிக்குள்ளால் வந்தபோது, தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி நின்றேன். விழுந்தவன் எழும்பி, விழுத்தியவனின் முதுகில் தட்டிவிட்டுப் போனான். மனுசரா இதுகள்?

செப்டெம்பர் 14

அனோஜனிடம் விதிகளைக் கேட்டேன்.

"ஹெல்மற்றின்ர உச்சியால ஒருத்தனையும் இடிக்கேலாது சித்தி. பந்து பிடிக்கிறவன் தன்னைக் காப்பாத்த ஏலாமல் நிக்கேக்க அவன்ர தலையில படவே கூடாது. பட்டால் வெளியில. ரெண்டாம் பாதியில எண்டால் அடுத்த ஆட்டத்தின்ர முதல் பாதியும் இல்லை."

"தெரியாமப் பட்டால்?"

"தெரியாமப் பட்டாலும்தான்."

இவ்வளவு மூர்க்கமான ஆட்டத்துக்குள் இவ்வளவு நுணுக்கமான இரக்கம். ஆர் இருந்து யோசித்திருப்பார்கள்?

செப்டெம்பர் 28

அனோஜன் இன்று ஒருவனைத் தோளால் அள்ளி விழுத்தினான். வீட்டில் தனியே இருந்து கைதட்டினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் தட்டினேன்.

ஒக்டோபர் 5

எழுத மனமில்லை. எழுதாமல் இருக்கவும் ஏலாது.

கடைசிக் கட்டம். எதிரணிப் பொடியன் ஒருவன் பந்தையே பார்த்தபடி எம்பினான். அனோஜன் ஓடி வந்தான் — தலை குனிந்திருந்தது. ஏன்டா குனிஞ்சனீ? தலைக்கவசம் தலைக்கவசத்தில் மோதியது. பொடியன் விழுந்தான். அசையவில்லை.

இரண்டு அணியும் ஒரு முழங்காலை ஊன்றி இருந்தன. வைத்தியர்கள் கவசத்தைக் கழற்றவில்லை. முகத்துக் கம்பியை மட்டும் எடுத்தார்கள். ஒருவர் கழுத்தை அசையாமல் பிடிக்க, மற்றவர்கள் சேர்ந்து பலகையில் ஏற்றினார்கள். ஒருவரும் பதறவில்லை. பூசை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடுவர் காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, ஒலிவாங்கியில் அனோஜனின் இலக்கத்தைச் சொன்னார். வெளியே. அது அனோஜனின் சொந்த மைதானம். சுற்றிலும் இருந்த கடலளவு சனம் அவன் பக்கத்துச் சனம். ஒரு கூச்சல் எழவில்லை. அந்த மனுசனின் குரலும் இடறவில்லை. நானென்றால்?

அக்கா மைதானத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள். "அந்தப் பிள்ளையின்ர தாயும் இதுக்குள்ளதான் எங்கையோ இருக்கிறா, நிலு" என்றாள்.

ஒக்டோபர் 6

கழுத்து முறியவில்லை. கைகால் அசைகிறதாம். மூளை அதிர்ச்சி. நயினாதீவு அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஒக்டோபர் 9

மன்னிப்புக் கேட்க அனோஜன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அந்தப் பொடியனுக்கு மோதல் நினைவிலேயே இல்லையாம்.

"அவன் என்ன கேட்டவன் தெரியுமா சித்தி? 'பந்தை நான் பிடிச்சனானோ?' எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"பிடிச்சனீ எண்டு சொன்னன். அவன் சிரிச்சான். எனக்கு அழுகை வந்திட்டுது."

காணொளியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். நினைவு போன பிறகும் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி கிடக்கிறான். இது என்ன ஆசை? இந்த ஆசையை அவனுடைய கையில் விட்டால் அவன் ஒருநாளும் வெளியே வரமாட்டான். வேறு ஆரோதான் அவனுக்காகப் போதும் என்று சொல்லவேண்டும்.

ஒக்டோபர் 12

அனோஜன் முதல் பாதி வெளியே இருந்தான். விளையாட்டையே விடப்போறன் என்று தாயிடம் சொன்னவன், கிழமை முழுக்கத் தலை நிமிர்த்தி மோதப் பழகியிருக்கிறான். இரண்டாம் பாதியில் ஓடி வந்தவனைத் தோளால் நிறுத்தினான். நிமிர்ந்த முகம்.

ஒக்டோபர் 19

வேலணையில் தீவகத்துப் போட்டியின் அரையிறுதி, நான் நடுவர். மண்டைதீவும் எழுவைதீவும். மண்டைதீவின் முன்கள வீரன் பிரசாந்தனும் எதிரணிக் காவலனும் பந்துக்கு எம்பித் தலையோடு தலை மோதினார்கள். பிரசாந்தன் உடனே எழும்பி நின்றான்.

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா."

"எந்தப் பக்கம் கோல் அடிக்கிறாய்?"

தன்னுடைய அணியின் கோல் கம்பத்தையே காட்டினான். வெளியே அனுப்பினேன். அவர்களிடம் மாற்று வீரர் மிச்சமில்லை. முகாமையாளர் தில்லைநாதன் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"நீர் என்ன டொக்டரோ? அவன் நிக்கிறான்தானே!"

"நிக்கிறான்தான் அண்ணை. எங்க நிக்கிறான் எண்டுதான் அவனுக்குத் தெரியேல்லை."

என் குரல் இடறவில்லை. மண்டைதீவு தோற்றது. "பொம்பிளையிட்ட விசிலைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்று பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

ஒக்டோபர் 21

பிரசாந்தன் அன்று வீட்டுக்குப் போகிற வழியில் சத்தி எடுத்திருக்கிறான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கான் எடுத்தார்களாம். இரத்தக் கசிவு இல்லை. ஆனால் டொக்டர் சொல்லும்வரை பந்தைத் தொடக்கூடாது. கசிவு இல்லை என்றதும் நிம்மதி. அடுத்த நிமிடம் — அப்ப நான் பிழையோ? இல்லை. கசிவு இல்லை என்று அறிய ஒரு பெரிய இயந்திரம் தேவைப்பட்டிருக்கிறது. மைதானத்தில் எனக்கு இருந்தது இரண்டு கண்.

நொவெம்பர் 16

ஒகையோவில் அடிபட்ட பொடியன் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டானாம். இந்தப் பருவம் ஆடமாட்டான்.

மழை விட்ட இடைவெளியில் இன்று மண்டைதீவுக்கு வேறொரு போட்டி, நடுவர் நான்தான். அவர்களுடைய பின்கள வீரன் ஒருவனின் நெற்றியில் முழங்கை பட்டது. நிலத்தில் இருந்துவிட்டு, தள்ளாடி எழும்பினான். விசிலை நான் வாயில் வைக்கமுதல் கோட்டோரம் தில்லைநாதனின் குரல்:

"வெளியில வாடா! ஆள் குறைஞ்சால் குறையட்டும்!"

என் பக்கம் அவர் பார்க்கவில்லை. அவனுடைய தோளைப் பிடித்து இருத்தி, முகத்துக்கு நேரே குனிந்து என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் அவர்கள் ஒரு கோலால் பின்னால் நின்றார்கள்.